ஸ்ட்ராண்ட் கிட்டாரும் வில்பர்ட் ஹாபாலாவும்

வில்பர்ட் ஹாபாலாவுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் தண்டர் பே நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் மீட்டர் கணக்கெடுத்தான். அப்படிப்பட்டவனின் பெயரைச் சொல்லாமல் இன்றைக்கு டொராண்டோவிலோ நாஷ்வில்லிலோ ஒரு பழைய ஸ்ட்ராண்ட் கிட்டாரை யாரும் விற்பதில்லை. அந்தப் பெயரை அவன் எப்படிச் சம்பாதித்தான், அது கடைசியில் அவனை என்ன பாடு படுத்தியது என்று சொல்ல இப்போது மிச்சமிருப்பவன் நான்தான். பதினெட்டு வருஷம் அவனோடு ஒரே வேனில் போனவன். அவன் தப்புச் செய்த நாளன்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ‘ஆமாம்’ போட்டவனும் நானே.

எங்கள் ஊரில் தண்ணீர் மீட்டர் வீட்டுக்கு வெளியே இருக்காது. இருந்தால் ஜனவரியில் உறைந்து வெடித்துவிடும். நிலவறையில்தான் இருக்கும். அதனால் யார் வீட்டில் எத்தனை காலி பாட்டில், யார் கொதிகலனுக்குப் பின்னால் எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. 1983 பிப்ரவரியில் ஒரு வீட்டு நிலவறையில் மீட்டருக்குப் பக்கத்திலேயே ஆணியில் ஒரு கிட்டார் தொங்கியது. வில்பர்ட் டார்ச்சை மீட்டரில் அடிப்பதை விட்டுவிட்டு அதன் வயிற்றுக்குள் அடித்தான். உள்ளே சிறிய லேபிள்: ஜி. ஸ்ட்ராண்ட், போர்ட் ஆர்தர்.

“ஸ்ட்ராண்டா? பனிச்சறுக்குக் கட்டையும் நாற்காலியும் வித்துக்கிட்டிருந்த ஸ்ட்ராண்டா?” என்று கேட்டான்.

மேல்படியில் நின்ற வீட்டுக்காரம்மா, “அந்தக் கர்மத்தை எடுத்துட்டுப் போய்யா. என் புருஷன் குடிச்சா அதைத்தான் தூக்குவான். இப்ப அவனும் இல்ல, அது எனக்கு எதுக்கு?” என்றாள்.

எடுத்துக்கொண்டு வந்தான். என் மச்சினன் கம்பி மாற்றி வாசித்துப் பார்த்தான். இரண்டு தட்டுத் தட்டியதுமே அவன் முகம் மாறிவிட்டது. “இது நாற்காலிக் கடைச் சாமான் இல்லடா” என்றான். அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்த பேய் வில்பர்ட்டை விடவே இல்லை.

போர்ட் ஆர்தர் என்ற ஊரே 1970-ல் பக்கத்து ஊரோடு சேர்க்கப்பட்டுத் தண்டர் பே ஆகி, பெயரில்லாமல் போய்விட்டது. கன்னர் ஸ்ட்ராண்டும் அடுத்த வருஷமே இறந்துவிட்டார். கடை இருந்த இடத்தில் சலவைக்கடை. அவர் கிட்டார் செய்தார் என்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. வில்பர்ட் ஒவ்வொரு வீடாகக் கேட்டான். கெனோரா, சட்பரி என்று ஊர் ஊராகக் கடிதம் போட்டான். லீவு கிடைத்தால் மனைவி எய்லாவைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவதை விட்டுவிட்டு, எவனோ ஒரு மரவெட்டியின் விதவையைத் தேடி ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப்போவான். கண்டுபிடித்த ஒவ்வொரு கிட்டாருக்கும் ஓர் அட்டை: அகலம், நீளம், கழுத்து எந்த மரம், பசை என்ன நிறம், யாரிடமிருந்து யாருக்குப் போனது. பல் டாக்டர் வாயில் விட்டுப் பார்ப்பாரே, அந்தக் குட்டிக் கண்ணாடியை வாங்கி கிட்டாரின் ஓட்டைக்குள் விட்டு மேற்பலகையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பான்.

டிப்போவில் கிண்டல் ஓயாது. “ஏன்டா வில்ப், மீட்டர் பார்க்கப் போறியா, மோப்பம் பிடிக்கப் போறியா?” என்பார்கள். எய்லா வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “இந்த ஆளுக்கு ரெண்டு பொண்டாட்டி. ஒருத்தி சமைக்கிறா, இன்னொருத்திக்குக் கம்பி கட்டியிருக்கு” என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். போகப்போக அந்தச் சிரிப்பு குறைந்தது.

பன்னிரண்டு வருஷத்தில் முப்பத்தேழு கிட்டார்களைக் கண்டுபிடித்தான். இருப்பதில் பழையது 1956-ல் செய்தது. 1966-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. கண்ணாடி விட்டுப் பார்க்க முடிந்தவை பதினான்கு. அவற்றில் ஆறில், நிலவறையில் கிடைத்த முதல் கிட்டார் உட்பட, மேற்பலகையின் அடியில் யார் கண்ணிலும் படாத இடத்தில், பென்சிலால் ‘பெர்ன்’ என்று எழுதியிருந்தது. வில்பர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. பெர்ன் சுவிட்சர்லாந்தில் இருக்கும் ஊர். ஸ்ட்ராண்டின் மகன் நோயல் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். அவனைப் பிடித்துக் கேட்டதில், அப்பா இளம் வயதில் ஐரோப்பாவில் இரண்டு வருஷம் எங்கோ இருந்ததாகச் சொன்னான். கன்னர் ஸ்ட்ராண்ட் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒரு கிட்டாரைக் கையில் பிடித்திருக்கும் போட்டோ ஒன்றையும் கொடுத்தான். போதாதா? பெர்ன் நகரத்துக் கைவினைஞர்களிடம் தொழில் கற்று, கனடாவின் காட்டுக்குள் வந்து, நாற்காலி விற்றுப் பிழைத்த மேதை ஒருவர் வில்பர்ட்டின் சாப்பாட்டு மேஜையில் பிறந்துவிட்டார். 1966-ல் ஏன் நிறுத்தினார்? விரல்களில் வாதம். அது வில்பர்ட்டின் ஊகம். கட்டுரையில் வந்தபோது ஊகமாக இல்லை.

அமெரிக்காவில் கிட்டார் சேகரிப்பவர்களுக்காக வெளிவரும் இதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. 1996 மார்ச்சில் கடைசிப் படி அனுப்ப வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான், ஸ்ட்ராண்ட் கிட்டார் தேவை என்று, அந்தப் போட்டோவோடு, அவன் உள்ளூர்ப் பத்திரிகையில் கொடுத்திருந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு பெர்னடெட் லகார்ட் போன் செய்தாள். ஆற்றுக்கு அந்தப்புறம், மலையடியில், நாங்கள் அப்போது ‘இண்டியன்’ என்று சொல்லிவந்த ஒஜிப்வே பழங்குடி மக்களின் குடியிருப்பில் இருப்பவள். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வேனை ஓட்டுகிறவள். விற்க ஏதோ வைத்திருக்கிறாள் என்று நினைத்துத்தான் போனோம்.

டீ போட்டாள். சூடான ரொட்டியும் புளூபெர்ரி ஜாமும் வைத்தாள். எங்களுக்கு எதிரில் உட்கார்ந்து, “அந்தக் கிட்டாரெல்லாம் எங்கப்பா செஞ்சது, மிஸ்டர் ஹாபாலா” என்றாள்.

வில்பர்ட் ரொட்டியைக் கீழே வைத்தான்.

“இசிடோர் லகார்ட். பத்து வருஷம் ஸ்ட்ராண்ட் கடைக்குப் பின்னால இருந்த கொட்டகையில வேலை. நாற்காலிக்குக் கால் வைக்கத்தான் எடுத்தாங்க. மரவெட்டிங்க கொண்டு வந்த ஒடஞ்ச கிட்டாரை அப்பா ஒட்டிக் குடுத்தாரு. அப்புறம் புதுசாவே செய்ய ஆரம்பிச்சாரு. ஸ்ட்ராண்ட் லேபிள் ஒட்டுவாரு, அவ்வளவுதான்.”

“ஸ்ட்ராண்ட் செஞ்சே இல்லைன்னா சொல்றீங்க?”

“அவருக்கு ஆணி அடிக்கத் தெரியும்” என்றாள். “அறுபத்தாறுல அப்பா, லேபிள்ல என் பேரையும் சின்னதா போடுங்கன்னு கேட்டாரு. இண்டியன் பேரு போட்டா எவன் வாங்குவான்னு ஸ்ட்ராண்ட் சொன்னாரு. அப்பா அன்னிக்கே உளியை வெச்சுட்டு வந்துட்டாரு. காகித ஆலைக்குப் போனாரு. அதோட கிட்டாரும் நின்னு போச்சு.”

சுவரில் சாவிகள் மாட்டிய பலகை ஒன்று இருந்தது. கிட்டாரின் பாதி உருவத்துக்கு வெட்டியது, மரத்தில் வைத்து வரையும் அச்சு. வில்பர்ட் எழுந்து, சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, இடுப்பையும் தோளையும் அளந்தான். நோட்டில் குறித்துக்கொண்டான். நான் எட்டிப் பார்த்தேன். அவன் அட்டைகளை நானே எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதே அளவு, மில்லிமீட்டர் பிசகாமல்.

திரும்பி வந்து உட்கார்ந்து அவன் கேட்டது இதுதான்: “இதுக்கெல்லாம் ஏதாவது பேப்பர் இருக்கா? சம்பளச் சீட்டு, கடிதம், போட்டோ?”

“போட்டோ எடுக்குறப்ப ஏப்ரனைக் கழட்டி ஸ்ட்ராண்டுக்குக் குடுத்தாரு எங்கப்பா. அந்தப் போட்டோ உங்ககிட்டதான் இருக்குமே” என்றாள்.

வேனில் ஏறியதும் வில்பர்ட் என் பக்கம் திரும்பினான்.

“அவ அப்பன் அந்தப் பலகையைக் கடையிலேர்ந்து தூக்கிட்டு வந்திருப்பான், இல்லையா ரூடி?”

நான் ஒரு சொல் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். கட்டுரையில் ஒரு வரியாவது சேரு என்றிருக்கலாம். “இருக்கும். யாரைக் கேட்டாலும் தன் அப்பனைப் பத்தி இப்படித்தான் சொல்லுவாங்க. அதுவும் அவங்க...” என்றேன். ‘அவங்க’ என்றதற்கு மேல் சொல்லத் தேவைப்படவில்லை. எங்கள் இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது. பாலம் தாண்டுவதற்குள் பேச்சு ஹாக்கிக்குப் போய்விட்டது.

கட்டுரை அப்படியே போயிற்று. அதில் இன்னொரு திருட்டும் இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது. பெர்ன் என்று எழுதிய ஆறைத் தவிர இன்னும் மூன்று கிட்டார்களில் வேறு சொற்கள் இருந்தன. அவை பெர்ன் கதைக்கு ஒத்துவரவில்லை. ‘படிக்க முடியாத பென்சில் குறிகள்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டான். அட்டையில் தெளிவாக எழுதி, அந்த மூன்றையும் என் கண்ணில்கூடப் படாமல் தனியே வைத்திருந்தான். கட்டுரையில் படிக்க முடியவில்லை.

அப்புறம் எட்டு வருஷம் அவனுக்கு யோகம்தான். ஸ்ட்ராண்ட் கிட்டாரின் விலை எங்கேயோ போயிற்று. வாங்குகிறவன், விற்கிறவன் எல்லாரும் இவனுக்குப் போன் செய்தார்கள். இவன் பார்த்து, ‘அசல்’ என்று கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுப்பான். ஊரில் அவனைக் கிண்டல் செய்தவர்கள் இப்போது தங்கள் நிலவறைகளைக் குடைந்தார்கள். ரிடையர் ஆன பிறகு டை கட்டப் பழகினான். எய்லாகூட, “பரவால்ல, சின்ன பொண்டாட்டி சம்பாதிக்கிறா” என்று சொல்ல ஆரம்பித்தாள்.

2004-ல் துறைமுகத்துப் பழைய கிடங்கில் ஓர் இசை அருங்காட்சியகம் புதிதாகத் தொடங்கினார்கள். நடுக்கூடத்தில் ஸ்ட்ராண்டுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள், நிலவறையில் கிடைத்த அந்த முதல் கிட்டார். வில்பர்ட் நன்கொடையாகக் கொடுத்தது. பின்சுவரில் ஆள் உயரத்துக்கு ஏப்ரன் போட்டோ. பக்கத்தில், குட்டிக் கண்ணாடி வழியாகப் படமெடுத்த பென்சில் எழுத்தைப் பெரிதாக்கி மாட்டி, ‘பெர்ன்: மேதை பயின்ற நகரம்’ என்று எழுதியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு நகர மேயர், நோயல் ஸ்ட்ராண்ட், கேக், ஒயின். வில்பர்ட் பேச வேண்டியவர்கள் வரிசையில் நின்றான்.

அப்போதுதான் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். வேன் ஓட்டும் ஜாக்கெட்டிலேயே வந்திருந்த பெர்னடெட், பெரிதாக்கிய அந்த எழுத்துக்கு முன்னால் நின்றிருந்தாள்.

“ஊரா?” என்றாள். “அது ஊரு இல்லைங்க. நான்.”

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்கள்.

“வீட்டுல என்னை பெர்ன்னுதான் கூப்பிடுவாங்க. எங்க பிள்ளைங்களையெல்லாம் அரசாங்கம் விடுதிப் பள்ளிக்கூடத்துக்குன்னு பிடிச்சுட்டுப் போயிடும், தெரியுமில்ல? வருஷத்துல பத்து மாசம் வீட்டுக்கு விடமாட்டாங்க. அப்பா ஒரு கிட்டாருக்கு ஒரு பிள்ளை பேரா உள்ள எழுதுவாராம். அம்மா சொல்லுவா. நான்தான் கடைக்குட்டி, எம்பேருதான் நிறைய இருக்கும். லூ அண்ணன் பேரு இருக்கும். க்ளெம் பேரு இருக்கும். செஸ் அக்கா பேரு ஒண்ணுலயாவது இருக்கும்.”

நான் வில்பர்ட்டைப் பார்த்தேன். லூ, க்ளெம், செஸ். அந்த மூன்று சொற்களும் அவன் தனியே வைத்திருந்த மூன்று அட்டைகளில் இருந்தன என்பது அன்று ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது. அவன் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட. அவளுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

நோயல் வந்து, “அம்மா, இது உங்க குடும்பக் கதை பேசற இடம் இல்ல” என்று அவள் முழங்கையைத் தொட்டான். அவள் கையை உதறிக்கொண்டு, தானே வெளியே போனாள். மேயர் மைக்கில் வில்பர்ட்டின் பெயரைக் கூப்பிட்டார். அவன் போனான். எழுதி வைத்திருந்த பேச்சை அப்படியே படித்தான், பெர்ன் உட்பட. கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கினான்.

அன்று என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் அந்த மூன்று அட்டைகளையும் மேஜையில் போட்டான். ‘செஸ்’ என்றிருந்த அட்டையில், அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சிலுவை வரைந்திருந்தது. கிட்டாரில் இருந்தபடியே வரைந்து வைத்திருந்தான்.

“இதைக் கூட்டல் குறின்னு நெனச்சேன் ரூடி” என்றான்.

எய்லா அட்டையை எடுத்துப் பார்த்தாள். மேஜையில் திரும்ப வைத்துவிட்டு, “நீ நெனைக்கல. நெனைக்க வேண்டாம்னு வெச்சிருந்தே” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவன் செய்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். உண்மையாகவே முயன்றான். இதழுக்கு ஒன்பது பக்கம் திருத்தம் எழுதி அனுப்பினான். ஆசிரியர் மாறியிருந்தார். பதில் வந்தது: ‘மதிப்பிற்குரிய திரு. ஹாபாலா, ஸ்ட்ராண்ட் பற்றி 1996-ல் எங்கள் இதழில் வெளியான ஹாபாலாவின் ஆய்வே இன்றுவரை முதன்மை ஆதாரம். அதற்கு மாறான கருத்தை வெளியிட ஆவணச் சான்று தேவை.’ அவன் போன் செய்து, “நான்தான்யா அந்த ஹாபாலா!” என்று கத்தினான். அந்தப் பக்கம் இருந்தவர், அது தெரியும், ஆனால் பேப்பர் ஏதாவது இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டாராம்.

அருங்காட்சியக நிர்வாகி, சுவரில் எழுதியதை மாற்ற நிர்வாகக் குழு கூடித் தீர்மானிக்க வேண்டும் என்றாள். குழுவில் நோயல் இருந்தான். அவன் வில்பர்ட் வீட்டு வாசலுக்கே வந்தான்.

“உன் கையெழுத்து போட்ட சான்றிதழ் நாப்பது பேர்கிட்ட இருக்கு வில்பர்ட். இப்ப ஸ்ட்ராண்ட் செய்யலைன்னு சொன்னா, நாப்பது பேரும் உன்னைத்தான் கோர்ட்டுக்கு இழுப்பாங்க. என்னை இல்ல.”

“உங்கப்பா செய்யலடா. உனக்கே தெரியும்.”

“எனக்கு என்ன தெரியும்? நீ எழுதினதுதான் எனக்குத் தெரியும்” என்றான் நோயல். அதில் பொய் இல்லை என்பதுதான் வில்பர்ட்டால் தாங்க முடியாததாக இருந்தது.

கணினியில் சேகரிப்பாளர்கள் கூடிப் பேசும் இடத்திலும் எழுதிப் பார்த்தான். கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். யாரோ பணம் கொடுத்து எழுத வைக்கிறார்கள் என்றார்கள். ஒருவன், ‘ஹாபாலாவின் கட்டுரையை முதலில் படித்துவிட்டு வந்து பேசவும்’ என்று எழுதினான்.

அடுத்த வசந்தத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு பெர்னடெட் வீட்டுக்குப் போனான். இந்தத் தடவை அவள் உள்ளே கூப்பிடவில்லை. கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

“நீங்க சொன்னது உண்மைதான்னு சொல்ல வந்தேன்” என்றான் வில்பர்ட்.

“அது உண்மைன்னு எனக்குத் தெரியும். நீங்க வந்து சொன்னாத்தான் தெரியணுமா?”

“நான் எழுதினது தப்பு. மன்னிப்புக் கேட்க...”

“அன்னிக்கு என் சமையல்கட்டுல உட்கார்ந்து அந்தப் பலகையை அளந்தீங்க. அளவு சரியா இருந்துச்சா இல்லையா?”

“இருந்துச்சு.”

“அப்ப அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்.” என் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கும்.”

வில்பர்ட் சட்டைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினான். செஸ் பெயர் இருந்த கிட்டாரைப் பற்றிச் சொன்னான். சிலுவையைப் பற்றியும் சொன்னான். பெர்னடெட் அட்டையை வாங்கிப் பார்த்தாள். அவள் குரல் முதல் தடவையாக இறங்கியது.

“செஸ் திரும்பி வரல. பத்து வயசு. எங்க பொதச்சாங்கன்னுகூட அம்மாகிட்ட சொல்லல. இந்தக் கிட்டார் எங்க இருக்கு?”

“அரிசோனாவுல ஒரு பல் டாக்டர்கிட்ட.”

“அதைப் பார்க்கணும். வாங்கணும்னுகூட இல்ல. உள்ள அப்பா எழுதினதைப் பார்த்தாப் போதும்.”

“ஏற்பாடு பண்றேன்” என்றான் வில்பர்ட். அவனை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. தனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது என்று நினைத்தான். வழியில் பேக்கரியில் நிறுத்தி, இளஞ்சிவப்பு கிரீம் தடவிய பெர்ஷியன் பன் இரண்டு வாங்கி ஒன்றை எனக்குக் கொடுத்தான்.

பல் டாக்டர் அந்தக் கிட்டாரை இரண்டு வருஷம் முன்பே விற்றிருந்தார். ஜப்பானில் ஒருவருக்கு, ஏலத்தில், இடைத்தரகர் மூலம். பெயர் தெரியாது. வில்பர்ட் ஹாபாலாவின் சான்றிதழ் இருந்ததால் நல்ல விலைக்குப் போனது என்று நன்றி தெரிவித்து எழுதியிருந்தார். தரகருக்குப் பதினோரு கடிதம் போட்டான் வில்பர்ட். வாங்கியவரின் பெயரைச் சொல்வது வழக்கமில்லை என்று ஒரே ஒரு பதில் வந்தது.

அதை அவளிடம் சொல்ல மூன்று மாதம் தள்ளிப்போட்டான். கடைசியில் போனில் சொன்னான். அவள் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அதன்பின் அவன் குரல் கேட்டாலே வைத்துவிடுவாள். பெர்ன் பெயர் இருந்த கிட்டாரையாவது திரும்பக் கொடுங்கள், நான் கொடுத்ததுதானே என்று அருங்காட்சியகத்தில் கேட்டுப் பார்த்தான். நன்கொடைப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார்கள். அவனுடைய கையெழுத்து.

வருஷத்துக்கு ஒரு தடவை இதழுக்குத் திருத்தம் அனுப்புவதை மட்டும் அவன் நிறுத்தவில்லை. ஏழு தடவை அனுப்பினான். 2012 நவம்பரில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

சர்ச்சில் இறுதிச் சடங்குக்கு நோயல் ஸ்ட்ராண்டின் ஏற்பாடு பலமாக இருந்தது. சட்பரியிலிருந்து ஒருவனை வரவழைத்து ஸ்ட்ராண்ட் கிட்டாரில் வாசிக்கவைத்தான். பிறகு தானே எழுந்து, வில்பர்ட்டின் கட்டுரையிலிருந்து முதல் இரண்டு பத்திகளைப் படித்தான். பெர்ன் நகரம், காட்டுக்குள் வந்த மேதை, எல்லாம். எய்லா என் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடி இறுகியது. எழுந்து நிறுத்துவாள் என்று நான் நினைத்தேன். நான் எழுவேன் என்று அவளும் நினைத்திருக்கலாம். இரண்டு பேருமே எழவில்லை. காபியும் சாண்ட்விச்சும் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் கலைந்தோம்.

போன இலையுதிர்காலத்தில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். காலம் மாறியிருக்கிறது, இப்போது அப்படிப்பட்ட விஷயங்களைக் கவனிக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். கவனித்துத்தான் இருந்தார்கள். ஸ்ட்ராண்டின் போட்டோ அங்கேயே இருந்தது. பெர்ன் எழுத்தும் இருந்தது. அடியில் புதிதாக ஒரு சின்ன அட்டை ஒட்டியிருந்தார்கள்: ‘இவற்றின் தயாரிப்பில் உள்ளூர்ப் பழங்குடித் தொழிலாளர்கள் சிலர் உதவியிருக்கலாம்.’

வீட்டுக்கு வந்து பெர்னடெட்டுக்குப் போன் செய்தேன். இருபது வருஷத்துக்கும் மேலாகத் தெரிந்தவளுக்கு நான் செய்த முதல் போன் அது. யார் என்று சொன்னேன். அட்டையில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

“உதவியா?” என்றாள்.

“அப்படித்தான் போட்டிருக்காங்க. நான் ஒரு கடிதம் எழுதலாம்னு இருக்கேன். அன்னிக்கு நானும் அங்க இருந்தேன், பலகையை அளந்ததைப் பார்த்தேன்னு...”

“எழுதுங்க” என்றாள். “பேப்பர் கேட்பாங்க.”

வைத்துவிட்டாள். கடிதம் எழுதினேன். பேப்பர் கேட்டார்கள்.